புரியாமல் சொன்ன ‘பாலே’: வலென்சியாவில் ஸ்பானியம் கற்ற 18 மாதங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரியில், ஸ்பெயினின் வலென்சியா நகரில் நான் குடியிருந்த வீட்டின் எரிவாயு வெந்நீர்க் கருவி பழுதாகி நின்றது. பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஏதோ கேட்டார், ‘சரி’ என்ற பொருளில் ‘பாலே’ என்றேன். ஒரு கிழமையைச் சொன்னார், ‘பாலே’ என்றேன். எப்போது வருவார் என்பதையும் சொன்னார். அதற்கும் ‘பாலே’ என்றேன். அந்த மூன்று ‘பாலே’க்களின் பயனாக 8 நாட்கள் குளிர்ந்த நீரில் குளித்ததோடு, ஒரு திருகாணிகூடத் திருகப்படாத ஒரு வருகைக்கு 35 யூரோ கட்டணமும் செலுத்தினேன். இந்த ஆய்வு அந்தத் தொலைபேசி உரையாடலைச் சுற்றியே அமைகிறது. அயல்நகர வாழ்க்கைக்குப் பழகுவதில் எனக்கு ஏற்பட்ட தாமதத்திற்குச் சொல்வளக் குறைவோ இலக்கணப் பிழையோ முதற்காரணம் அல்ல, புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொண்ட பழக்கமே காரணம் என்று இப்போது கருதுகிறேன்.

சொல்லை முதலில் விளக்கிவிடுவது நல்லது. ஸ்பானியத்தில் வகரம்போல் தோன்றும் எழுத்துக்கும் பகரத்துக்கும் ஒலி வேறுபாடு கிடையாது. ஆகவே இச்சொல் ‘பாக்கியம்’ என்பதில் வரும் கனத்த பகரத்தோடு ‘பாலே’ என்று ஒலிக்கும். மதிப்புடையதாயிருத்தல், விலைபெறுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. கடையில் ‘குவாந்தோ பாலே?’ என்று கேட்டால் ‘என்ன விலை?’ என்று பொருள். தனியாக நின்றால் ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று பொருள். அர்ஜென்டினாவில் இதன் இடத்தில் ‘தாலே’ என்பார்கள். ஸ்பெயினிலோ, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தில் அரை நிமிடம் காது கொடுத்தால் ஒரு ‘பாலே’யாவது விழாமல் இராது. புதிதாக வருபவர் முதலில் பற்றிக்கொள்ளும் சொல்லும் அதுவே. அதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆய்வுக்கு உரியவரும் இடமும்

ஆய்வுக்கு உரியவரும் ஆய்வை எழுதுபவரும் ஒருவரே. தன்னைத் தானே ஆராய்வது நம்பத்தகாதது என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் மொழி கற்றல் துறையில் இதற்கு முன்னோடி உண்டு. மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மித், ரியோ டி ஜெனிரோவில் 5 மாதங்கள் தங்கிப் போர்த்துகீசியம் கற்றபோது தாமே எழுதிய நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு, சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காதில் விழுந்தவை எல்லாம் அவர் பேச்சில் வந்து சேரவில்லை, அவர் கவனித்தவையே சேர்ந்தன என்பது அதன் சாரம். எனது ஆதாரமும் ஒரு நாட்குறிப்புதான். 2023 பிப்ரவரிக்கு முன்பு அதை ஒழுங்காக எழுதவில்லை என்பதால், முதல் 5 மாதங்களைப் பற்றிய செய்திகள் நினைவிலிருந்தும் ரசீதுகளிலிருந்தும் திரட்டப்பட்டவை.

2022 செப்டம்பரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பணிக்காக வலென்சியா வந்தேன். அலுவலகத்தில் ஆங்கிலமே பேசப்பட்டது. வந்த புதிதில் இதைப் பெரும் அதிர்ஷ்டமாகக் கருதினேன். வெளிநாட்டவர் செய்தாக வேண்டிய தாள் வேலைகள் பல இருந்தன: நகராட்சிக் குடிமக்கள் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் ‘எம்பாத்ரோனமியெந்தோ’, வெளிநாட்டவர் அடையாள எண்ணான ‘நியே’, நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டிய ‘தியே’ என்ற குடியிருப்பு அட்டை. அரசுத் தாள்களைக் கவனித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ‘ஹெஸ்தோர்’ ஒருவரை நிறுவனம் அமர்த்தியிருந்ததால், அலுவலகக் கவுண்டர்களில் எனக்காக அவரே பேசினார். நான் விரல்ரேகை வைக்க மட்டும் வாய் திறக்காமல் போய் நின்றேன். பழைய துரியா ஆற்றுப்படுகையில் அமைந்த பூங்காவின் வழியாக நடந்து வேலைக்குப் போனேன், அதே வழியில் திரும்பினேன். 1957 அக்டோபர் 14 அன்று வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டு, வறண்ட படுகையில் மரம் நட்டுக்கொண்ட ஊர் இது. பாலங்களுக்கு அடியில் நீர் இல்லை, மனிதர்கள் நடக்கிறார்கள். அவர்களில் ஒருவருடனும் பேசாமல் நானும் நடந்தேன்.

ஸ்பானியம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. வருவதற்கு முன்பே இணையவழியாகத் தொடக்கநிலை முடித்திருந்தேன். வந்த பின் ஒரு தனியார் மொழிப்பள்ளியில் வாரம் இரண்டு மாலைகள். இறந்தகாலம் இரண்டையும் பயிற்சித்தாளில் பிழையின்றி நிரப்புவேன். அந்தத் தாள் எதுவும் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். வலென்சியாவில் ஆட்சிமொழிகள் இரண்டு. 1982ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டப்படி, காத்தலான் மொழியோடு ஒன்றான வலென்சியமும் ஸ்பானியமும் இணையாக நிற்கின்றன. நூலகத்தின் கதவில், தெருப்பலகையில், மெட்ரோ நிலையத்தின் வெளிவாயிலில் முதலில் கண்ணில் படுவது பல நேரம் வலென்சியமே. ஸ்பானியத்தில் ‘சாலிதா’ என்று படித்திருந்த வெளிவழி, பலகையில் ‘எய்ஷிதா’ என்று இருந்தது. கிழமைகளின் பெயர்களும் அப்படியே: ‘தில்யுன்ஸ்’, ‘திமார்ட்ஸ்’, ‘திமெக்ரெஸ்’, ‘திஜோவுஸ்’ என்று ஒவ்வொன்றும் ‘தி’யில் தொடங்கும். நாம் கிழமை என்பதைப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் நாள் என்பதை முன்னால் ஒட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதமாயிற்று. நான் குடியிருந்த பெனிமக்லெத், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை தனிக் கிராமமாக இருந்து நகரோடு சேர்க்கப்பட்ட பகுதி; முதியவர்கள் தங்களுக்குள் வலென்சியத்திலும் என்னிடம் ஸ்பானியத்திலும் பேசினார்கள். எந்தச் சொல் எந்த மொழி என்று பிரித்தறியாதவருக்கு, ஒரு சொல் புரியாதபோது அது தன் அறியாமையா, வேறு மொழியா என்பதே தெரியாது. அப்போது தலையாட்டிவிடுவது எளிதாக இருக்கும்.

அழைப்பும் அதன் விளைவும்

பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் சொன்ன நேரம் ‘அந்தெஸ் தே அல்மொர்சார்’, அதாவது ‘அல்முவெர்சோ உண்பதற்கு முன்’. பாடப்புத்தகத்தில் உணவுகள் மூன்று: காலையில் ‘தெஸயூனோ’, மதியம் ‘அல்முவெர்சோ’, இரவில் ‘சேனா’. ஸ்பெயினில் மதிய உணவு 2 மணிக்கு மேல்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே ஒரு மணியிலிருந்து வீட்டில் இருந்தால் போதும் என்று கணக்கிட்டு, காலையில் அலுவலகம் போய்விட்டு 12.45க்கு வீடு திரும்பினேன். கதவிடுக்கில் ஒரு தாள் செருகப்பட்டிருந்தது. வந்ததாகவும் ஆள் இல்லை என்றும் எழுதி, நேரம் 10.05 என்று குறித்திருந்தது.

வலென்சியாவில் மதிய உணவை ‘கொமேர்’ என்ற வினையால்தான் சொல்கிறார்கள். இங்கே ‘அல்முவெர்சோ’ என்பது காலை 10 மணி முதல் 11 மணிவரை நடக்கும் தனிச்சடங்கு. நீளமான ரொட்டிக்குள் ஆம்லெட்டோ இறைச்சியோ வைத்தது, அதற்கு முன்பாக ஒரு தட்டில் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை, ஆலிவ், உப்பில் ஊறிய மஞ்சள் லூபின் விதை, முடிவில் ரம் ஊற்றிக் கொளுத்திய ‘கிரமாயெத்’ காப்பி. கட்டடத் தொழிலாளர், தபால்காரர், ஓய்வுபெற்றவர் என எல்லோரும் அந்த நேரத்தில் மதுக்கடை மேசைகளில் அமர்ந்திருப்பார்கள். என் வீட்டுக்குக் கீழேயே அப்படியொரு கடை இருந்தது. ஐந்து மாதமாக அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன், அது என்ன வேளை என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த வருகைக்கு 8 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்து கொடுத்த ரசீதில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் ‘தெஸ்பிளாசமியெந்தோ’, 35 யூரோ. ஆள் புறப்பட்டு வந்து போனதற்கான கூலி. என் சொல்வளத்திலேயே மிகுந்த விலைகொடுத்துக் கற்ற சொல் அதுதான்.

பாடப்புத்தகத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. அப்போது அதைத்தான் செய்தேன். ஆனால் புத்தகம் சொன்னதும் தவறல்ல. ஸ்பானியம் பேசும் நாடுகள் பலவற்றில் ‘அல்முவெர்சோ’ மதிய உணவுதான். தவறு நடந்த இடம் வேறு. ‘அப்படியென்றால் எத்தனை மணிக்கு?’ என்று நான் கேட்டிருந்தால் அவர் ‘பத்து மணிக்கு’ என்று சொல்லியிருப்பார். எண்கள் எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தேவையான சொற்கள் அனைத்தும் கையில் இருந்தும் கேட்கவில்லை. முகம் தெரியாத குரல், அதன் வேகம், ‘இவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம், பெரியவர் சொன்னதை ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற வளர்ப்பு எல்லாம் சேர்ந்து வாயை அடைத்தன. நேரில் என்றால் இன்னொரு சிக்கல். புரிந்தும் புரியாமலும் நான் தலையைப் பக்கவாட்டில் அசைப்பேன். எதிரில் இருப்பவர் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு மீண்டும் விளக்கத் தொடங்குவார். தலையசைப்பு அப்படித் தற்செயலாகவேனும் எனக்கு உதவியிருக்கிறது. ‘பாலே’ ஒருபோதும் உதவவில்லை.

ஆங்கிலம் என்ற சுற்றுவழி

கூச்சத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் முதலில் ஆங்கிலத்தில் அமைத்து, பிறகு ஸ்பானியத்துக்கு மாற்றினேன். இதற்கு ஆகும் நான்கைந்து விநாடிகளில் எதிரில் இருப்பவர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘பாலே’ பயன்பட்டது. மாற்றிச் சொன்னதும் பெரும்பாலும் கோணலாகவே வந்தது. கீழ்க்கடையில் காப்பி கேட்க நான் பல நாள் சொல்லிவந்த வாக்கியத்தை அப்படியே தமிழில் வைத்தால் ‘நான் ஒரு காப்பியை உடைமையாகக் கொண்டிருக்கலாமா?’ என்று வரும். கடைக்காரர் சிரிக்காமல் தந்துகொண்டிருந்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. அருகில் நிற்பவர்கள் சொல்வது ‘மே போனெஸ் உன் கொர்தாதோ?’ என்பது. ‘போனேர்’ என்றால் இடுதல், போடுதல். ‘எனக்கு ஒரு காப்பி போடுறீங்களா?’ என்று தமிழில் எந்தக் கடையிலும் கேட்பதே அது. அதே வினை, அதே தொனி, ‘தயவுசெய்து’ கூடத் தேவையில்லை.

அதைக் கவனித்த நாளிலிருந்து வேறு கதவுகளும் திறந்தன. ‘மே துவேலே லா கபேசா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’. தலைதான் வலிக்கிறது, நான் எனக்குள்ள வேதனையை உடைமையாக அறிவிக்கவில்லை. ‘மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கும்’. எழுவாய் நானல்ல, பிடித்த பொருள்தான். ஆங்கிலம் வழியாக வருபவர்களுக்கு வகுப்பில் வாரக்கணக்கில் விளக்கப்படும் இந்த நான்காம் வேற்றுமை அமைப்பு, தமிழ் பேசுபவருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நான்தான் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டு மாற்றுவழியில் வந்துகொண்டிருந்தேன். வினையின் ஈற்றிலேயே பேசுபவர் யார் என்பது தெரிவதும் அப்படியே. ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’, ‘ஆப்லாஸ்’ என்றாலே ‘பேசுகிறாய்’. ஆங்கிலப் பழக்கத்தால் வாக்கியந்தோறும் ‘யோ’, ‘யோ’ என்று ‘நான்’ சேர்த்துப் பேசினேன். ‘நான்தான், வேறு யாருமல்ல’ என்ற அழுத்தம் அதில் வந்துவிடுகிறது என்றும், யாரோடு சண்டைக்கு நிற்கிறீர்கள் என்றும் ஒரு சக ஊழியர் கேட்டார்.

ஒலிப்பிலும் இதே கதை. ஸ்பானியத் தகரம் நம் தகரமேதான். ஆங்கிலத்தின்படி அதை டகரமாக்கிக்கொண்டிருந்தேன். ‘நாதா’ என்ற சொல்லில் உயிர்களுக்கு இடையே வரும் தகரம் ‘அது’ என்பதில் உள்ளதுபோல் மெலியும். ககரமும் ‘மகன்’ என்பதில் உள்ளதுபோல் மெலியும். ‘ஆனால்’ என்ற பொருளில் வரும் ‘பேரோ’வுக்கும் ‘நாய்’ என்ற பொருளில் வரும் ‘பேறோ’வுக்கும் உள்ள வேறுபாட்டை, ரகர றகரத்தை நாவில் பிரித்துச் சொல்லிப் பழகியவர் வகுப்பில் மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்.

தமிழ் எல்லாவற்றையும் தந்துவிடாது. அஃறிணைப் பொருளான மேசைக்குப் பெண்பாலும் புத்தகத்துக்கு ஆண்பாலும் ஏன் என்பதற்கு எந்த உள்ளுணர்வும் எனக்கு உதவவில்லை, மனப்பாடம்தான். ‘இரு’ என்ற ஒரே வினைக்கு ‘சேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு இருப்பதும் அப்படியே. ஒரு நீண்ட கூட்டத்தின் இடையில் எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, முதல் வினையைப் போட்டு, நான் இயல்பாகவே சலிப்பூட்டும் ஆள் என்று அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை.

தூ, உஸ்தெத்

என் எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் தனியாக வசித்தார். ஸ்பானியத்தில் ‘தூ’ என்பது நீ, ‘உஸ்தெத்’ என்பது நீங்கள் என்று கற்றிருந்ததால், அவரிடம் எப்போதும் ‘உஸ்தெத்’ என்றே பேசினேன். அதைவிட வேறெதுவும் எனக்கு வந்திருக்காது. ஒருநாள் மாடிப்படியில் அவர் ‘தான் வியேஹா சோய்?’ என்று கேட்டார்: ‘அவ்வளவு கிழவியாகிவிட்டேனா?’ இன்றைய ஸ்பெயினில் கடைக்காரரிடமும் மேலதிகாரியிடமும் பக்கத்து வீட்டு முதியவரிடமும் ‘தூ’ சாதாரணமாகப் புழங்குகிறது. விடாமல் ‘உஸ்தெத்’ சொல்பவர் மரியாதை காட்டுபவராக மட்டும் அல்ல, தள்ளி நிற்க விரும்புபவராகவும் தோன்றிவிடுகிறார். அறிவுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்தது. நாக்கு இணங்க இரண்டு மாதம் பிடித்தது. அவரை ‘தூ’ என்று அழைத்த முதல் நாள், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் ஏதோ தவறு செய்துவிட்டது போலவே இருந்தது.

இந்த ஆய்வில் அவருக்குத் தனி இடம் உண்டு. ‘தூ’வுக்கு மாறிய பிறகுதான் அவரிடம் ‘என்ன சொன்னாய்?’ என்று திருப்பிக் கேட்கும் துணிவு எனக்கு வந்தது. மரியாதைப் பன்மையில் நின்றபோது கேட்க முடியாததை ஒருமையில் கேட்க முடிந்தது. இதைப் பொதுவிதியாகச் சொல்ல நான் துணியவில்லை. என் அளவில் நடந்தது இதுவே.

பாடம் மாறிய விதம்

2023 பிப்ரவரியில் தனியார் பள்ளியை விட்டுவிட்டு, வயதுவந்தோருக்கான ஓர் அரசுக் கல்வி மையத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பல நாடுகளிலிருந்து வந்த பதினைந்து பேர். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான வேறு மொழி இல்லாததால் ஆங்கிலம் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கவில்லை. முதல் நாள் ஆசிரியை இலக்கணம் எதையும் எடுக்காமல் பலகையில் சில தொடர்களை எழுதினார். ‘கோமோ?’ என்றால் ‘என்ன?’ ‘பெர்தோனே, நோ லே எ எந்தெந்தீதோ’ என்றால் ‘மன்னியுங்கள், நீங்கள் சொன்னது புரியவில்லை.’ அவற்றுக்குக் கீழே பெரிதாக ‘ஓ சேயா’ என்று எழுதிக் கோடிட்டார். ‘அதாவது’ என்பதற்கான சொல். பிறகு ஒரு தடை விதித்தார்: அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் ‘பாலே’ சொல்லக்கூடாது. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும், ‘ஓ சேயா’ என்று தொடங்கி, தனக்குப் புரிந்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மணி நேரத்தில் பாதி அமைதியிலேயே கழிந்தது. நம்மில் எத்தனை பேர் அந்த ஒற்றைச் சொல்லின் மேல் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போது தெரிந்தது.

வீட்டுப்பாடமாக, ஒருநாள் முழுவதும் நான் சொன்ன ‘பாலே’க்களைக் குறித்துவைத்தேன். 11 வந்தன. அவற்றில் 4 எதற்குச் சொன்னேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பல்பொருள் அங்காடியின் கல்லாவில் ஒன்று, சக ஊழியரிடம் ஒன்று, எதிர்வீட்டு அம்மையாரிடம் ஒன்று, தொலைபேசியில் ஏதோ சலுகை பற்றிப் பேசியவரிடம் ஒன்று. கடைசியாகச் சொன்னதன் பொருள் மறுநாள் விளங்கிற்று: மீண்டும் அழைக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரம் அழைத்தார்கள்.

மொழியியலில் இதற்கு இடமுண்டு. கற்பவரும் தாய்மொழியாளரும் பேசும்போது புரியாமை ஏற்பட்டு, திருப்பிக் கேட்டு, விளக்கி, சரிபார்த்துப் பொருளுக்கு வந்துசேரும் அந்த முயற்சியே மொழி கற்றலுக்கு உரமாகிறது என்பது மைக்கேல் லாங் 1980களில் முன்வைத்து 1996இல் விரித்துரைத்த கருத்து. ‘பாலே’ அந்த முயற்சி தொடங்கும் இடத்திலேயே அதை முடித்துவைக்கிறது. எனினும் எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மேலே குறிப்பிட்ட ஷ்மித், 1983இல் ஹவாயில் வாழ்ந்த ஜப்பானியக் கலைஞர் ஒருவரை ‘வெஸ்’ என்ற பெயரில் விவரித்தார். வெஸ் எல்லோரோடும் கலகலப்பாகப் பழகினார், கேட்கத் தயங்கவில்லை, வாழ்க்கையை நன்றாகவே நடத்தினார். ஆனால் மூன்று ஆண்டுகளில் அவருடைய ஆங்கில இலக்கணம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. பழகினால் மொழி தானாக வந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் வெஸ்ஸைத்தான் காட்டுவேன். என் நிலை அதற்கு நேர்மாறு: இலக்கணம் தாளில் இருந்தது, ஊரில் நான் இல்லை.

அந்த வசந்தத்தில் விடுப்பெடுத்திருந்த ஒரு வியாழக்கிழமை, நண்பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலைக் கடக்க நேர்ந்தது. அங்கே வாரந்தோறும் அந்த நேரத்தில் நீர் நீதிமன்றம் கூடும். நகரைச் சுற்றியுள்ள பாசன வாய்க்கால்களின் தகராறுகளை, உழவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கறுப்பு அங்கியில் வட்டமாக அமர்ந்து வலென்சிய மொழியில் வாய்மொழியாகவே விசாரிப்பார்கள். 2009இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏவலர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்டார். அன்று எவரும் வரவில்லை. சில நிமிடங்களில் கலைந்துவிட்டார்கள். எழுத்து இல்லாமல் வாய்ச்சொல்லே கட்டுப்படுத்தும் அந்தக் காட்சி, அப்போது என் மனநிலைக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது. ஸ்பெயினின் குடிமைச் சட்டத்தின் 1278ஆம் பிரிவும், ஒப்பந்தம் எந்த வடிவில் செய்யப்பட்டாலும் கட்டுப்படுத்தும் என்றே சொல்கிறது. நான் ஆறு மாதமாக ஊர் முழுவதும் வாய்மொழி ஒப்பந்தங்களைச் செய்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

எது தேறியது, எது தேறவில்லை

வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பழகுவதை ஆங்கில எழுத்தான ‘யு’வின் வடிவத்தில் வரைவது வழக்கம்: தொடக்க மகிழ்ச்சி, இடையில் வீழ்ச்சி, பிறகு ஏற்றம். அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதியதிலிருந்து இந்தப் படம் புழங்கி வருகிறது. என் நாட்குறிப்பில் அந்த வளைவு இல்லை. ஒரு கடை, ஒரு கவுண்டர், ஒரு தொலைபேசி அழைப்பு என்று தனித்தனியாகவே ஊர் எனக்குத் திறந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்றிருக்கிறேன். கீழ்க்கடையில் ஏப்ரலிலேயே வாடிக்கையாளனாகிவிட்டவன், வங்கித் தொலைபேசியில் அக்டோபர்வரை தடுமாறினேன்.

நேரம் பற்றிய சொற்கள் கடைசிவரை தொல்லை கொடுத்தன. பகல் 1.30க்கு நான் ‘மாலை வணக்கம்’ என்ற பொருளில் ‘புவேனாஸ் தார்தெஸ்’ சொன்னால், எதிரில் இருப்பவர் ‘புவேனோஸ் தியாஸ்’ என்று காலை வணக்கத்தையே திருப்பித் தருவார். மதிய உணவு உண்ணும்வரை இங்கே காலைதான். விடைபெறும் சொல்லை மட்டும் முதல் நாளிலிருந்தே மகிழ்ச்சியோடு சொன்னேன்: இனி ஒருபோதும் பார்க்கப் போகாதவரிடமும் ‘ஆஸ்தா லுவேகோ’, ‘பிறகு பார்ப்போம்’ என்பார்கள். ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லியே எங்கிருந்தும் கிளம்பிப் பழகிய எனக்கு அதில் கற்க ஒன்றுமில்லை.

2023 நவம்பரில், ஸ்பானிய மொழியைப் பரப்பும் அரசு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் ‘தேலே’ சான்றிதழின் பி1 என்ற இடைநிலைத் தேர்வை எழுதினேன். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 பெற்றால்தான் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றேன். நான்கில் கேட்டல் பகுதியே மிகக் குறைவு. பேச்சு அதைத் தூக்கிநிறுத்தியது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை, ஆனால் கவனிக்கத்தக்கது. கேட்டல் தேர்வில் ஒலிப்பதிவு இரண்டு முறை ஓடும்; அதனிடம் ‘ஓ சேயா’ என்று தொடங்க முடியாது. திருப்பிக் கேட்டு வாழக் கற்றுக்கொண்டவனுக்கு, திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் பழைய பலவீனம் அப்படியே இருந்தது. பேச்சுத் தேர்விலோ, தேர்வாளரின் கேள்வி ஒன்று புரியாதபோது தயங்காமல் விளக்கம் கேட்டேன். ஓர் ஆண்டுக்கு முன்பு அங்கேயும் ‘பாலே’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

வலென்சியம் இன்னும் எனக்கு வரவில்லை. பலகைகளைப் படிப்பேன், கீழ்க்கடையில் முதியவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஊகிப்பேன், அவ்வளவுதான். அவர்கள் என்னைக் கண்டதும் ஸ்பானியத்துக்கு மாறிவிடுகிறார்கள். அந்த மரியாதை என்னை வெளியிலேயே நிறுத்தி வைக்கிறது.

2024 பிப்ரவரியில், வெந்நீர்க் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளும் நேரம் வந்தது. அதே பழுதுபார்ப்பவர். தொலைபேசியில் அதே குரல், ‘அந்தெஸ் தே அல்மொர்சார்’ என்றது. ‘ஓ சேயா, பத்து மணிக்கு முன்பா?’ என்று கேட்டேன். ‘ஒன்பதரைக்கு’ என்றார். ஒன்பதரைக்கு வந்து, கருவியைப் பிரித்துத் துடைத்து, சுடரைச் சரிபார்த்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு பெட்டியை மூடினார். படியிறங்கும்போது திரும்பி வேகமாக ஏதோ சொன்னார். கருவி வேலை செய்துவிட்ட மகிழ்ச்சியில் ‘பாலே, பாலே’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு விநாடி கழித்துத்தான் உறைத்தது. செருப்போடு கீழே ஓடினேன். கட்டட வாசலில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார்.

‘மன்னிக்கவும், நீங்கள் கடைசியாகச் சொன்னது எனக்குப் புரியவில்லை’ என்றேன்.

அவர் பக்கத்துக் கடையைக் கைகாட்டினார். ‘அல்முவெர்சோ சாப்பிட என்னோடு வருகிறீர்களா என்று கேட்டேன், நீங்கள் சரி என்றீர்கள், அதனால்தான் காத்திருக்கிறேன்’ என்றார்.